பூட்டு திறக்குது, வண்டி எடுக்கல: இன்றைய கார் சாவிக்குள் என்ன இருக்கிறது?

"அண்ணே, நேத்து நீங்க போட்டுக் குடுத்த சாவி கதவைத் தொறக்குது, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது."

கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் சாவி போடும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கடைக்காரர் சாவியை வெட்டியதில் குறை ஒன்றும் இருக்காது. பல்லுக்குப் பல் சரியாகவே இருக்கும். இருந்தும் இன்ஜின் பிடிக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால், சாவி விஷயத்தில் நாம் வீணாக்கும் பணத்தையும் அலைச்சலையும் நிறையவே குறைத்துவிடலாம்.

அம்பாசடர், பத்மினி, ஆரம்ப கால மாருதி 800 ஆகியவற்றின் சாவிகள் வெறும் உலோகம். பட்டறைக்காரர் அரம் வைத்து ராவினாலே போதும். இன்று நம் கையில் இருப்பது ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கிய மூன்று பொருள்கள்: பூட்டைத் திருப்பும் பிளேடு, வண்டி எடுக்க அனுமதி வாங்கித் தரும் சிப், தூரத்திலிருந்து கதவைத் திறக்கும் ரிமோட். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டும் பெரும்பாலும் வேலை செய்யும். "சாவி போச்சு" என்று ஷோரூமில் போய் நிற்பதற்கு முன், மூன்றில் எது போனது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

சிப் செய்யும் வேலை

குழப்பமெல்லாம் சிப்பில்தான். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றி, வெளியே தெரியாதபடி, ஒரு கம்பிச் சுருள் வளையமாகப் பொருத்தப்பட்டிருக்கும். சாவியைப் போட்டு ஆன் செய்ததும் அந்தச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு காந்தப் புலத்தை எழுப்பும். சில கார்களில் 134 கிலோஹெர்ட்ஸ். சில சென்டிமீட்டர் தள்ளி சாவியின் தலைப்பகுதியில் உட்கார்ந்திருக்கும் சிப், அந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு தன் அடையாளத்தைச் சொல்லும். கார் அதைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் எரிபொருளை விடும். பொருந்தாவிட்டால், செல்ஃப் எவ்வளவு நேரம் சுற்றினாலும் இன்ஜின் பிடிக்காது. சில கார்களில் பிடித்த மாதிரி இருந்து ஓரிரு நொடியில் அணைந்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு இம்மொபிலைசர் என்று பெயர். மாருதி கார்களில் ஐகேட்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இன்று நம் ஊரில் ஓடும் கார்களிலும் இது சர்வ சாதாரணம்.

முதலில் வந்த சிப்புகள் எப்போதும் ஒரே எண்ணைத்தான் சொல்லும். அதை இன்னொரு சிப்பில் எழுதுவது சுலபம். பிறகு வந்தவற்றில் கார் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கொடுக்கும்; சிப் தனக்குள் இருக்கும் ரகசிய எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடை சொல்லும்; காரும் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். ரகசிய எண் சாவியை விட்டு வெளியே வருவதே இல்லை. அதிலும் ஓட்டை இருந்தது. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி தயாரித்த, 40 பிட் (0, 1 என 40 இலக்கம்) ரகசிய எண் கொண்ட சிப்பின் எண்ணைக் கண்டுபிடித்துவிட முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான ஆர்.எஸ்.ஏ.வின் ஆய்வகத்தாரும் 2005இல் செய்தே காட்டினார்கள். அதன் பின் 80 பிட், 128 பிட் சிப்புகள் வந்தன. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கு வெளியே சுலபமாக நகல் கிடைத்து, உங்கள் சாவிக்குக் கிடைக்காமல் போவதற்கு இந்தச் சிப் வித்தியாசமே பெரிய காரணம்.

ரிமோட்டும் புஷ் பட்டனும்

ரிமோட் வேறு கதை. அது உறைக்குள் இருக்கும் பட்டன் செல்லில் ஓடுகிறது, சி.ஆர்.2032, சி.ஆர்.2016, சி.ஆர்.1620 ஆகியவை அதிகம் பார்க்கக் கிடைப்பவை, மூன்றுமே 3 வோல்ட். இந்தியாவில் பெரும்பாலான கார் ரிமோட்டுகள் 433 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ் பரவலாக இருக்கிறது. ஆன்லைனில் அதே மாடல், அதே தோற்றம், பாதி விலை என்று பார்த்து வாங்கும் ரிமோட் கடைசிவரை வேலை செய்யாமல் போவதற்கு இந்த எண் மாறியிருப்பதும் ஒரு காரணம். உங்கள் ரிமோட்டின் முதுகிலோ உள்ளே சர்க்யூட் அட்டையிலோ அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கம்பெனி ரிமோட்டின் குறியீடு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறும். காரும் ரிமோட்டும் ஒரே வரிசையில் எண்ணிக்கொண்டே போகின்றன. நேற்றைய குறியீட்டைப் பதிவு செய்து வைத்து இன்று கதவைத் திறப்பது பொதுவாக நடக்காது. வீட்டில் குழந்தை விளையாட்டாக நூற்றுக்கணக்கில் அழுத்தித் தள்ளினால் ரிமோட்டின் எண்ணிக்கை காரை விட்டு ரொம்பத் தள்ளிப் போய்விடும். கொஞ்சம் தள்ளிப் போனால் கார் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் போனால் மறுபடி இணைக்க வேண்டும்.

அடிப்படை மாடல் காரை வாங்கி, ஆக்சஸரீஸ் கடையில் சென்ட்ரல் லாக் மாட்டியவர்களுக்கு இதெல்லாம் பொருந்தாது. அந்த ரிமோட்டுக்கும் கம்பெனி சிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ரிமோட் போனால் ஷோரூமுக்குப் போகாதீர்கள், மாட்டியவரிடமே போங்கள்.

புஷ் பட்டன் ஸ்டார்ட் உள்ள கார்களில் சாவியை எங்கும் நுழைப்பதில்லை. கதவுக் கைப்பிடியின் பட்டனை அழுத்தியதும் கார் 125 கிலோஹெர்ட்ஸ் சுற்று வட்டத்தில் ஒரு அழைப்பு விடும். ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் இருக்கும் ஸ்மார்ட் கீ அதைக் கேட்டு ரேடியோ அலையில் பதில் சொல்லும். பதில் சொல்ல செல் வேண்டும். செல் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? பயப்பட ஒன்றுமில்லை. ஸ்மார்ட் கீயின் பக்கவாட்டில் சின்னத் தாழ் ஒன்று இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து மெல்லிய உலோகச் சாவி வெளியே வரும். அதை வைத்துக் கதவைத் திறக்கலாம். சில கார்களில் கைப்பிடியோரம் சாவித் துவாரத்தின் மேல் ஒரு மூடி இருக்கும், அதைக் கழற்ற வேண்டும். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை (மேனுவல் கியர் என்றால் கிளட்ச்சையும்) மிதித்தபடி, ஸ்மார்ட் கீயை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்ட வைத்து அழுத்தினால் வண்டி எடுக்கும்; இங்கே வேலை செய்வது செல் தேவையில்லாத சிப்தான். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா கார்கள் பலவற்றில் இந்த முறைதான். வேறு சிலவற்றில் சாவியை வைக்க கன்சோலில் தனி இடம் இருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது இன்றே படித்து, போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் தொப்பூர் கணவாய்ப் பக்கம் நின்றுகொண்டு தேடுகிற விஷயம் இல்லை இது.

எது கெட்டது?

சாவியால் வண்டி எடுக்கிறது, ரிமோட் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் செல்லையோ ரிமோட்டையோ பாருங்கள். முன்பு இருபது அடியில் திறந்த கதவு இப்போது அருகே போனால்தான் திறக்கிறது என்றால் அநேகமாக செல்தான். கதவு திறக்கிறது, செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, டாஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னுகிறது என்றால் சிப் பக்கம். சாவியே திரும்பவில்லை என்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் அசைத்தபடி திருப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிளேடு தேய்ந்திருக்கும்.

இரண்டாவது சாவியை எடுத்து முயன்று பார்ப்பதுதான் எல்லாவற்றையும் விடச் சிறந்த சோதனை. அதுவும் அதே மாதிரி மக்கர் செய்தால் குற்றம் சாவியில் இல்லை, காரில் இருக்கிறது. அந்தக் கம்பிச் சுருள் பழுதாகியிருக்கலாம். அதைவிட அதிகமாக, காரின் 12 வோல்ட் பேட்டரியே இறங்கியிருக்கும். பேட்டரி இறங்கிய காருக்குப் புதுச் சாவி வாங்கச் சொல்லும் ஆளிடம் ஜாக்கிரதை. இன்னொன்று: இரண்டு சிப் சாவிகளை ஒரே வளையத்தில் கோத்து வைத்தால், சுருளுக்கு அருகே இரண்டு சிப்பும் சேர்ந்து பேசி காரைக் குழப்பக்கூடும். வளையத்தைப் பிரித்துவிட்டு முயன்று பாருங்கள்.

செல் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். உறையின் இணைப்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். தட்டையான ஸ்க்ரூடிரைவர் நுனியில் துணி சுற்றி, அந்தப் பள்ளத்தில் வைத்து மெல்லத் திருகினால் இரண்டாகப் பிரியும். பழைய செல்லின் கூட்டல் குறி மேலே பார்த்ததா கீழே பார்த்ததா என்று கவனித்துவிட்டு எடுங்கள். புதியதை ஓரத்தைப் பிடித்துப் போடுங்கள்.

உறை உடைந்து, கடையில் புது உறை மாற்றும்போது மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். பல மடக்குச் சாவிகளில் சிப் ரிமோட் அட்டையில் இருக்காது. ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில், எழுத்தோ கம்பியோ எதுவும் இல்லாத கறுப்புத் துண்டாக, பழைய உறையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் மெல்லிய கண்ணாடிக் குழாயாக இருக்கும். பார்த்தால் பிளாஸ்டிக் பிசிறு என்றுதான் தோன்றும். அட்டையை மட்டும் புது உறைக்கு மாற்றிவிட்டு, பழையதைக் குப்பையில் போட்டால் சிப்பும் போய்விடும். ரிமோட் ஜம்மென்று வேலை செய்யும், வண்டி எடுக்காது. வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கும்வரை பழைய உறையை உங்கள் கையில் வைத்திருங்கள்.

ஒகேனக்கல்லுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசலில் போய் வந்து, பாக்கெட்டில் கை விட்டால் சாவி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். உடனே பட்டனை அழுத்திப் பார்க்கத்தான் கை போகும். அழுத்தாதீர்கள். செல் உள்ளே இருக்க, ஈரமும் சேர்ந்தால்தான் அட்டை அரித்துப் போகும். உறையைப் பிரித்து முதலில் செல்லை எடுத்துவிட வேண்டும். துணியால் ஒற்றி, நிழலில் காற்றோட்டமாக வைத்தால் போதும். அரிசிக்குள் புதைப்பதால் தூசிதான் சேரும். ஊர் திரும்பியதும் மொபைல் சர்வீஸ் கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்து அட்டையைத் துடைத்துத் தருவார்கள். சிப் முழுக்க மூடப்பட்ட துண்டு என்பதால் தண்ணீருக்கு அவ்வளவு சுலபத்தில் மசியாது. ஆகவே ரிமோட் செத்தாலும், சாவியைப் போட்டுத் திருப்பி வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

புரோகிராம் செய்வது என்றால்

புதுச் சாவிக்கு ஏதோ மென்பொருள் ஏற்றுவார்கள் என்றே பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் எழுதப்படுவது காரின் நினைவகத்தில்தான். ரேஷன் கார்டில் புதுப் பெயர் சேர்க்கிற மாதிரி, "இந்தச் சிப்பும் நம்ம வீட்டு ஆள்" என்று கார் தன் பட்டியலில் பதிந்துகொள்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். மெக்கானிக் ஸ்கேனரை அதில் சொருகி, அந்தக் காருக்குரிய ரகசிய பின் நம்பரைக் கொடுத்து, பதிவு முறைக்குள் நுழைவார். பிறகு சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஆன் செய்ய, கார் ஏற்றுக்கொள்ளும். எல்லாம் கையில் இருந்தால் சில நிமிட வேலை.

பல கார்களில் புதிய பதிவு தொடங்கியதும் பழைய பட்டியல் முழுவதும் அழிந்துவிடும். அதனால்தான் "வீட்ல இருக்கிற எல்லா சாவியும் கொண்டு வாங்க சார்" என்கிறார்கள். ஒன்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால், அன்று மாலை அது வெறும் கதவுச் சாவி ஆகியிருக்கும்.

சாவி தொலைந்தவர்களுக்கு இதே அழிப்புதான் பாதுகாப்பு. தொலைந்த சாவியைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அதை யார் எடுத்தாலும் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது. ஆனால் அதன் பிளேடு இன்னமும் கதவைத் திறக்கும். அதைத் தடுக்க லாக் செட்டையே மாற்ற வேண்டும். சாவி ஆற்றில் விழுந்ததென்றால் அந்தச் செலவு தேவையில்லை. வீட்டு வாசலிலோ, வண்டி நிற்கும் ஆபீஸ் பக்கத்திலோ தொலைந்ததென்றால் நான் மாற்றத்தான் சொல்வேன்.

ஷோரூமா, வெளிக்கடையா? இரண்டுக்கும் இடம் உண்டு. ஷோரூமில் ஆர்.சி., அடையாள அட்டை கேட்பார்கள். சேஸிஸ் நம்பரை வைத்து கம்பெனியிலிருந்து சாவி வரவழைப்பார்கள். நாளாகும், விலையும் கூட. வெளிக்கடையில் நல்ல மெஷின் வைத்திருக்கும் ஆளிடம் அன்றைக்கே முடியலாம். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: "காரில் பதிவு பண்றீங்களா, இல்ல இருக்கிற சிப்பை காப்பி எடுக்கிறீங்களா?" காப்பி எடுத்தால் இரண்டு சாவியும் காருக்கு ஒரே சாவி. நாளைக்கு ஒன்று தொலைந்து அதைப் பட்டியலிலிருந்து நீக்கினால் மற்றதும் சேர்ந்து செத்துவிடும். பதிவு செய்தால் அந்தச் சிக்கல் இல்லை. கொஞ்சம் கூடக் கேட்டாலும் பதிவு செய்வதே நல்லது என்பது என் கருத்து. பிளேடு வெட்டும்போதும் இதே மாதிரி ஒரு வித்தியாசம் இருக்கிறது. தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானமும் சேர்ந்து நகலாகும். புது வண்டியோடு வந்த சின்ன உலோகத் தகட்டிலோ அட்டையிலோ இருக்கும் சாவி எண்ணைக் கொடுத்து வெட்டச் சொன்னால் பிறந்த அளவிலேயே கிடைக்கும். அந்தத் தகட்டைக் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தால் இன்றே வீட்டு அலமாரிக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்மார்ட் கீயில் பழையது வாங்குவது பெரும்பாலும் வீண். பல கம்பெனிகளின் ஸ்மார்ட் கீ ஒரு காரில் பதிந்தால் அதோடு பூட்டிக்கொள்ளும். அழிக்காமல் வேறு கார் ஏற்காது.

எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால்தான் உண்மையான கஷ்டம். காப்பி எடுக்க மூலச் சிப் இல்லை. வண்டி நகராது, எனவே மெஷின் வண்டியிடம் வர வேண்டும் அல்லது வண்டி லாரியில் ஏற வேண்டும். உங்கள் கம்பெனியின் பெரிய சர்வீஸ் சென்டர் ஓசூரிலோ சேலத்திலோ இருந்தால், பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ அதை ஏற்றிப் போகும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் இம்மொபிலைசர் யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போது இரண்டாவதைப் போடும் செலவு, இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் பெங்களூரிலிருந்து பழைய கார் வாங்குவது வழக்கம். விலை பேசும்போதே இரண்டு சாவியும் கேளுங்கள். "இன்னொண்ணு வீட்ல இருக்கு சார், கூரியர் பண்றேன்" என்ற பேச்சை நம்பிப் பணத்தை முழுதாகக் கொடுக்காதீர்கள். வாங்கியதும், காரில் எத்தனை சாவி பதிந்திருக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்கச் சொல்லுங்கள். நிறைய கார்களில் அந்த எண்ணிக்கை தெரியும். கையில் இரண்டு, காரில் மூன்று என்று காட்டினால், மூன்றாவது யாரிடமோ இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்து உங்கள் இரண்டை மட்டும் பதியச் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயமும் இதில் இருக்கிறது. கார் திருடு போனால் கம்பெனிகள் பொதுவாக எல்லா ஒரிஜினல் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்லும். ஒன்று இல்லையென்றால் கேள்வி கிளம்பும். எனவே சாவி தொலைந்த அன்றே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, ஆர்.சி. நகலோடு சேர்த்து வையுங்கள். பாலிசியில் சாவி மாற்றும் செலவுக்கான கூடுதல் கவர் எடுத்திருந்தால் அதற்கும் இந்த ரசீது கேட்கக்கூடும்.

இரண்டாவது சாவியை அலமாரியில் வைத்து மறந்துவிட்டாலும் அதன் செல் தானாக இறங்கும். ஸ்மார்ட் கீ என்றால், கார் நிறுத்தும் சுவரையொட்டி உள்பக்கம் மாட்டி வைக்காதீர்கள். கார் விடும் அழைப்புகள் எட்டும் தூரத்தில் இருந்தால் செல் சீக்கிரம் தீரும், சாவியின் சிக்னலைக் கருவி வைத்து நீட்டித் திருடுகிறவர்களுக்கும் அது வசதி. வீட்டின் உள்ளறையில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தச் சாவியாலேயே கதவைப் பூட்டித் திறந்து, வண்டியை எடுத்து ஒரு சுற்று போய் வாருங்கள்.